கடைசி இடத்தை ஆடித் தீர்க்கச் சொன்ன ஜோசஃபின் அம்மையாருக்கு

விசிலோசையால் எங்கள் மாலைகளை விழித்திருக்கச் செய்த வித்தகியே! கண்டிப்பைக் குரலிலும் கனிவைக் கண்ணிலும் காத்துவந்த கண்ணியமே! ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பந்தோடு வளர்ந்து, பலநூறு பெண்பிள்ளைகளைக் களத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கப் பழக்கிய பெருந்தகையே! எங்கள் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவராய்த் திகழ்ந்து இன்று பணி நிறைவு பெறும் திருமதி ஜோசஃபின் சவரிமுத்து அம்மையீர்! வணக்கமும் வாழ்த்தும் நன்றியும், அவற்றோடு சற்றே குழப்பமும் கலந்த நெஞ்சத்தினராய், சக பணியாளர்களாகிய நாங்கள் தங்கள் முன் இம்மடலை வாசித்தளிக்கின்றோம்.

குழப்பம் என்ற சொல்லைப் பாராட்டு மடலில் சேர்ப்பது மரபன்று என்பதை அறிவோம். ஆயினும் அச்சொல்லைத் தவிர்த்துத் தங்களைப் பற்றி எழுத எங்களால் இயலவில்லை. இம்மடலை எழுதும் பொறுப்பு தமிழ் விரிவுரையாளர் பாலனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கூடைப்பந்தில் கூடை எது என்பது மட்டுமே தெரியும். தங்கள் துணைப் பயிற்றுநர் கால்வின் அவரருகே அமர்ந்து நடந்ததை விளக்கினார். விளக்க விளக்கக் கால்வினுக்கே சில இடங்கள் புரியாமல் போயின. கணக்குப் பிரிவின் பீர் முகம்மது இடையில் வந்து இருவரையும் திருத்தினார். மூவரும் ஒத்துக்கொண்ட வரையில், நடந்தது நடந்தபடி, இங்கே எழுதப்பட்டுள்ளது.

தாங்கள் இக்கல்லூரிக்கு வந்த நாளில் இங்கே ஆடுகளம் இல்லை. கார் நிறுத்துமிடம்தான் இருந்தது. அதில் வெள்ளைக் கோடு கிழித்து, இருபுறமும் கூடை நட்டு, மாலையானால் வாகனங்களை அகற்றும்படி பேராசிரியர்களையே பணித்தவர் தாங்கள். பிரிக்பீல்ட்ஸ் சேலைக்கடைகளில் பகுதிநேர வேலை பார்த்த பிள்ளைகளையும், ரவாங்கிலிருந்தும் அம்பாங்கிலிருந்தும் ரயிலேறி வந்த பிள்ளைகளையும் ஓரணியாய்க் கோத்து, ஓடவும் ஒதுங்கவும் ஒருவரையொருவர் நம்பவும் கற்பித்தவர் தாங்கள். முப்பதாண்டுக் காலம் அப்படிக் கழிந்தது. அவற்றுள் ஓராண்டைப் பற்றி மட்டும் இங்கே பேச அனுமதி வேண்டுகின்றோம். அது, நாட்டளவிலான கல்லூரி மகளிர் கூடைப்பந்து வாகையர் போட்டிக்கு நம் அணி தகுதி பெற்றதாகவும் பெறவில்லை என்றும் மாறி மாறிச் சொல்லப்பட்ட ஆண்டு.

வாகையர் போட்டிக்குள் நுழைய வாசல்கள் இரண்டு. முதல் வாசல் எளிது: மண்டலத்தில் முதலிடம் பெறும் அணி நேரே உள்ளே போகலாம். இரண்டாவது வாசலில் ஒரு தேர்வுக் குழு அமர்ந்திருக்கும். எல்லா மண்டலங்களிலும் முதலிடம் தவறிய அணிகளைக் கூட்டி வைத்து, யார் யாரை வென்றார்கள், வெல்லப்பட்டவர்கள் எவ்வளவு வலியவர்கள் என்றெல்லாம் ஆராய்ந்து, மிச்சமிருக்கும் சில இடங்களை அக்குழு நிரப்பும். எப்படி நிரப்பும் என்று கேட்டால் அவரவர் ஒரு விளக்கம் சொல்வார்கள்.

அவ்வாண்டு நம் மண்டலத்தில் மூன்று அணிகள் சமநிலையில் முடிந்தன. கிள்ளான் அணி நம்மை வென்றது. நாம் ரவாங் அணியை வென்றோம். ரவாங் அணியோ கிள்ளானை வென்றது. மற்ற எல்லோரையும் மூவருமே வென்றிருந்தோம். பீர் முகம்மது கணக்குப் போட்டு நாமே முதலிடம் என்றார். கால்வின் போட்டு நமக்கு மூன்றாமிடம் என்றார். பேராசிரியப் பெருமக்கள் கூடியிருந்த அறையில் தாங்கள் மட்டும் அமைதியாக, அந்த மூன்று ஆட்டங்களின் புள்ளி வித்தியாசம் மட்டுமே கணக்கில் வரும் என்று சொல்லி, கிள்ளான் முதல், நாம் இரண்டு, ரவாங் மூன்று என்று முடித்தீர்கள். அதுவே சரி என்று பின்னர் அறிவிப்பும் வந்தது. நமக்கு முதல் வாசல் அடைபட்டது. இரண்டாவது வாசலில் காத்திருக்கத் தயாரானோம்.

அடுத்த வாரமே எல்லாம் தலைகீழானது. கிள்ளான் அணியின் ஆட்டங்கள் அனைத்தும் ரத்து என்று போட்டி ஏற்பாட்டாளர்கள் அறிவித்தார்கள். அவ்வணியின் சிறந்த ஆட்டக்காரரான மஹ்ஜபீன் என்னும் மாணவி, அதே பருவத்தில் வேறொரு கல்லூரியின் சட்டையணிந்து ஆடிய புகைப்படம் அவர்கள் கைக்குக் கிடைத்திருந்தது. ஒரு பருவத்தில் இரு கல்லூரிகளுக்கு ஆடக்கூடாது என்பது விதி. கிள்ளானைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது நாமும் ரவாங்கும். ரவாங்கை நாம் வென்றிருந்தோம். ஆகவே மண்டல வாகையர் நாமே என்றார்கள்.

அந்த நண்பகலை யார் மறப்பார்? கல்லூரி வாயிலில் பேனர் ஏறியது. முதல்வர் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு சொன்னார். அணித் தலைவி டீனா, சாப்பிடக்கூட அமராமல் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அது இறுதியாண்டு. வாகையர் போட்டிக்கு மாநில அணியின் தேர்வாளர்கள் வருவார்கள் என்பதும், அவர்கள் கண்ணில் படுவதற்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். அத்தனை ஆரவாரத்துக்கு நடுவே தாங்கள் இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் அமர்ந்திருந்தீர்கள். களைப்பு என்று எண்ணினோம். அந்தப் புகைப்படத்தைக் காட்டும்படி தாங்கள் கால்வினிடம் கேட்டதையும், கைப்பேசியை வெகுநேரம் உற்றுப் பார்த்ததையும் அவர் பிறகுதான் சொன்னார்.

மறுநாள் மாலைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் களத்தின் நடுவே அமரவைத்துத் தாங்கள் விஷயத்தைச் சொன்னீர்கள். அந்தப் படம் அம்பாங்கில் ஒரு தேவாலயத் திடலில் எடுத்தது. கட்டட நிதிக்காக நடந்த கேளிக்கைச் சந்தையில், வந்தவர்களை இரண்டாகப் பிரித்து ஆடவைத்த வேடிக்கை ஆட்டம் அது. யாரோ ஒரு கல்லூரி தானமாகக் கொடுத்திருந்த பழைய சட்டைகளை எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். மஹ்ஜபீன் அந்தக் கல்லூரியின் படியேறியதே இல்லை. கிள்ளான் தரப்பு இதைத்தான் சொன்னது, ஏற்பாட்டாளர்கள் நம்பவில்லை. அந்த ஆட்டத்துக்கு நடுவராக நின்றவர் தாங்கள். ஆகவே போய்ச் சொல்லப்போகிறேன் என்றீர்கள்.

டீனாதான் முதலில் பேசினார்.

"நீங்க போகலன்னா யாருக்கும் தெரியாது லா, மிஸ். நாம ஒண்ணும் பொய் சொல்லலயே. அவங்களா கொடுத்தாங்க."

"அந்த மேட்ச்க்கு விசில் ஊதினது நான்" என்றீர்கள். "இன்னிக்கு வாய மூடிக்கிட்டா, நாளைக்கு இதே கோர்ட்ல நான் ஃபவுல்ன்னு சொல்றத நீ எப்படி நம்புவ?"

டீனா எழுந்து போய்விட்டார். அதன்பின் பல நாள் தங்களோடு பேசவில்லை.

ஏற்பாட்டாளர்களின் அலுவலகத்துக்குக் கால்வின்தான் தங்களைக் காரில் அழைத்துச் சென்றார். அங்கிருந்தவர்கள் தாங்கள் கிள்ளான் அணியின் பயிற்றுநர் என்று எண்ணி இருக்கை கொடுத்தார்கள். நம் கல்லூரியின் பெயரைச் சொன்னதும் தங்களை வேறு அறைக்கு மாற்றினார்கள். கிள்ளான்மீது இன்னொரு புகார் கொண்டுவந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். புகார் இல்லை, சாட்சி என்றதும், யாருக்கு எதிரான சாட்சி என்று கேட்டார்கள். யாருக்கும் எதிராக இல்லை, கிள்ளானுக்கு ஆதரவாக என்றதும், தேர்வுக் குழுத் தலைவர் தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கிள்ளான் திரும்ப வந்தால் உங்கள் கல்லூரி வெளியே போகும், இது உங்களுக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டாராம். தெரியும் என்றீர்கள். ஒருவேளை புரியாமல் சொல்கிறீர்களோ என்று அவர் மலாயிலும் ஆங்கிலத்திலுமாக மறுபடி விளக்கினார். தாங்களும் மறுபடி தெரியும் என்றீர்கள்.

கிள்ளான் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. வாயிலில் கட்டிய பேனரை முதல்வர் அவிழ்க்கச் சொன்னார். அவர் முகம் வாடியிருந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் முகமும் அப்படித்தான் இருந்தது. தங்களைப் பாராட்டுவதா, கடிந்துகொள்வதா என்று தெரியாமல், தேநீர் வேளையில் தங்கள் மேசையில் இடம் இருந்தும் சிலர் வேறு மேசைக்குப் போனோம். அதை இப்போது நினைத்தால் மனம் கூசுகிறது.

பிறகு தேர்வுக் குழுவின் முடிவு வந்தது. நேரலையில் அறிவித்தார்கள். சிற்றுண்டிச் சாலையில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். ஒவ்வோர் இடமாக நிரம்பிக்கொண்டு வந்து, ஒரே ஓர் இடம் எஞ்சியபோது ரவாங்கின் பெயர் வரும் என்று கால்வின் முணுமுணுத்தார். நம் பெயர் வந்தது. பிள்ளைகள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். டீனா ஓடிவந்து தங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது, இனிக் குழப்பமில்லை என்று நாங்கள் நிம்மதியடைந்தோம்.

நிம்மதி நீடித்தது, ரவாங் அணியின் பயிற்றுநர் ஹைதர் தங்களைப் பார்க்க வரும் வரையில்தான். அவர் சண்டை போட வரவில்லை. கை கொடுத்து வாழ்த்தினார். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கித் தந்தார். எழும்போதுதான் மனத்தில் இருந்ததைச் சொன்னார்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. உங்க ஆட்டத்துக்குக் கிடைச்சுதுன்னா சரி. உங்க மனசுக்குக் கிடைச்சுதுன்னு வெளிய பேசிக்கிறாங்க. அப்படின்னா எங்க பிள்ளைங்க எதுல தோத்தாங்க?"

தாங்கள் அன்றே குழுத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கடைசி இடத்துக்கு நமக்கும் ரவாங்குக்கும் சமமான வாக்குகள் விழுந்தன. நாம் ரவாங்கை வென்றவர்கள். ரவாங்கோ மண்டல வாகையரான கிள்ளானையே வென்றவர்கள், மற்ற ஆட்டங்களிலும் நம்மைவிட அதிகப் புள்ளியில் வென்றவர்கள். தலைவரின் வாக்கு தீர்மானிக்க வேண்டியதாயிற்று. தங்களைப் போன்ற ஒருவருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று எண்ணி, நமக்குப் போட்டார்.

நல்ல மனிதர், நல்லதென்று எண்ணிச் செய்தார். அதைக் கேட்டு மகிழாதவர் இவ்வுலகில் தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்த இடத்தை ரவாங்கோடு ஆடித் தீர்த்துக்கொள்ள அனுமதிக்க முடியுமா என்று அவரிடமே கேட்டீர்கள். அப்படியொரு விதி இல்லை என்றார். கூடாது என்றும் விதி இல்லையே என்றீர்கள். இரு கல்லூரிகளும் மனமொத்துக் கேட்டால் தமக்கு மறுப்பில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

இந்த முறை தாங்களாக முடிவெடுக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி நடந்ததையெல்லாம் சொல்லி, வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் விட்டுவிடுகிறேன், இடம் உங்களுடையது என்றீர்கள். டீனாவின் கண் கலங்கிவிட்டது.

"ஏற்கனவே அவங்கள ஜெயிச்சாச்சே, மிஸ். இன்னும் எத்தன தடவ ஜெயிக்கணும்?"

எனக்கும் தெரியல, டீனா என்றுதான் சொன்னீர்கள். இன்றுவரை எங்களில் பாதிப்பேர் டீனாவின் பக்கம். பீர் முகம்மது அதில் முதல் ஆள். இந்த வரியைச் சேர்த்தால்தான் கையெழுத்திடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அப்போது பேசியது மாதவி. கூடைக்கடியில் நிற்கும் உயரமான பெண். பயிற்சி நேரத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. "இப்படியே போனா பஸ்ல ஏறி உக்காந்தாக்கூட எனக்கு ரவாங் பிள்ளைங்க இடத்துல உக்காந்த மாதிரி இருக்கும்" என்றார். "ஆடிடலாம், டீனா. நாம ஜெயிப்போம்." ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். கடைசியில் டீனாவும் அசைத்தார். மனமில்லாமல்தான் அசைத்தார் என்பதை எல்லோரும் பார்த்தோம். முதல்வர் மூன்று நாள் கழித்து, குழுவுக்கான வேண்டுகோள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டம் அம்பாங்கில், ஒரு பள்ளியின் திறந்தவெளிக் களத்தில், சனிக்கிழமை காலை. நாங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தோம். நடுவராகக் கிள்ளானிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். மஹ்ஜபீனும் தம் அணியோடு வந்து ஓரமாக அமர்ந்திருந்தார். எந்தப் பக்கத்துக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் தட்டினார். பாலன் விதிகளைக் கேட்டுக் கேட்டுக் கால்வினை நச்சரித்தார். ஆட்டம் தொடங்கியபின் கேட்பதை நிறுத்திவிட்டார். பார்த்தாலே புரிந்தது.

டீனா அன்று ஆடியதைப்போல் அதற்குமுன் ஆடியதில்லை. மனமில்லாமல் வந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. விழுந்தார், முழங்கை சிராய்த்தது, துடைத்துக்கொண்டு எழுந்தார். ரவாங் பிள்ளைகளும் விடவில்லை. ஒரு கூடை அவர்கள், ஒரு கூடை நாம் என்று கடைசிவரை ஏறி இறங்கியது. முடிவில் ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில் பந்து நம்மிடம் வந்தது. மாதவி அதைப் பிடித்து, எதிரில் இருவர் மறித்ததால், வெளியே நின்ற டீனாவுக்குத் தள்ளினார். டீனாவை யாரும் மறிக்கவில்லை. குதித்து எறிந்தார். பந்து கூடையின் வளையத்தில் பட்டு, மேலே எழும்பி, மறுபடி வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. விசில் ஒலித்தது.

ரவாங் பிள்ளைகள் ஹைதரைச் சூழ்ந்துகொண்டார்கள். நம் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தாங்கள் களத்துக்குள் நடந்து போய் டீனாவின் முன் நின்றீர்கள். ஏதாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தோம். டீனாதான், மூச்சு வாங்க, முகத்தைத் துடைத்தபடி சொன்னார்:

"பரவால்ல, மிஸ். ஒரு மாசமா உள்ளயா வெளியயான்னே தெரியாம இருந்தேன். இப்பத்தான் தெளிவா இருக்கு. நாம தோத்துட்டோம்."

சொல்லிவிட்டு அழுதார். தாங்களும் அழுதீர்கள். பிறகு எப்படியோ இருவரும் சிரிக்கத் தொடங்கினீர்கள். அந்தச் சிரிப்பு மாதவிக்குத் தொற்றி, மற்றவர்களுக்குத் தொற்றி, ஓரத்தில் நின்ற எங்களையும் வந்து அடைந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ரவாங் அணி வாகையர் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. டீனா மாநில அணியில் இடம்பெறவில்லை. இன்று கிள்ளானில் ஒரு கப்பல் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தாங்கள் செய்தது சரியா என்று இம்மடலுக்காக அவரிடம் கேட்டோம். சரியான்னு தெரியல, ஆனா அந்த டீம்ல இருந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன் என்றார். அதைவிட நன்றாகச் சொல்ல எங்களில் எவராலும் ஆகவில்லை.

அம்மையீர்! தகுதி என்பதை யார் தருவது, எப்போது கிடைப்பது, எப்படி இழப்பது என்பதெல்லாம் எங்களுக்கு விளங்காத கணக்குகளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தங்களோடு ஒரே கூரையின்கீழ் பணியாற்றும் தகுதி எங்களுக்கு எந்த வாசல் வழியாக வந்தது என்பதும் அப்படியே விளங்காமல் இருக்கட்டும். வந்தது என்பது போதும். இனித் தங்கள் மாலைப்பொழுதுகள் தங்களுக்கே உரியவை. முழங்கால் வலி குறைந்து, மூச்சு சீராய், கணவரோடும் பேரப்பிள்ளைகளோடும் நடைபோட்டு, நூறாண்டு நலமோடும் நகைமுகத்தோடும் வாழ வேண்டுமென்று வாழ்த்தி வணங்குகின்றோம். நாளை மாலை பயிற்சி உண்டு. யாரை எங்கே நிறுத்துவது என்று கால்வினுக்கு இன்னும் தெரியவில்லை. தாங்கள் வந்து ஓரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்தால் போதும் என்கிறார்.

இவண்,
தங்கள் அன்பில் வளர்ந்த,
தங்களைப் பற்றி இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும்
கல்லூரிப் பணியாளர்கள்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.